மழை நாளில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மழை பிடித்துக்கொண்டால் போதும், பெற்றோர்களிடமிருந்து வரிசையாகச் செய்தி வந்துவிடும். வீடு வேறு, பிள்ளை வேறு, கேள்வி மட்டும் அதேதான். தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துபோய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் முதல் இரண்டு பதில்களையாவது படித்துவிடுங்கள். பின்னால் வருபவை அவற்றை வைத்துத்தான் நிற்கின்றன.

காலையில எந்திரிச்சதுல இருந்து மழை. வெளிய அனுப்ப முடியாது. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

உடம்பிலிருந்து. பலரும் முதலில் தாளையும் கலர் பென்சிலையும் எடுத்து நீட்டுகிறார்கள். பிள்ளை நாலு கோடு கிழித்துவிட்டு சோபா மேல் ஏறிக் குதிக்கிறது. அது குறும்பு இல்லை. குதித்துத் தீர்ந்தபிறகுதான் கை ஓரிடத்தில் உட்காரும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில், 3, 4 வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும். மழைக்கென்று இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

அதனால் வியர்க்கும் ஆட்டம் ஒன்று, அதன்பின் கைவேலை ஒன்று, அதன்பின் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம் என்று மாற்றி மாற்றிப் போனால் போதும். மணிவாரியாக அட்டவணை போட்டு ஒட்டாதீர்கள். பத்து மணிக்கே அது கிழிந்துவிடும், உங்களுக்குத்தான் கோபம் வரும். இன்னொன்று: தொடங்கிவைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. ஆட்டம் சூடுபிடித்ததும் நைசாக விலகிவிடுங்கள். நாள் முழுக்க நீங்களே நடத்திக்கொண்டிருந்தால் மாலைக்குள் தொண்டை கட்டிவிடும்.

வீடே கையகலம். இதுல எங்க ஓட விடுறது?

ஓடத்தான் வேண்டும் என்றில்லை. தரையில் பசை நாடாவை நீளமாக ஒட்டி, கயிற்றின்மேல் நடப்பதுபோல் நடக்கச் சொல்லுங்கள். முதலில் நேராக, பிறகு பின்பக்கமாக, பிறகு தலையில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துக்கொண்டு. புத்தகம் விழுந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து. அதே நாடாவில் எட்டுக் கட்டம் போட்டால் நொண்டி. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, சுவரைத் தள்ளிவிடப்போவதுபோல் பத்து எண்ணும்வரை தள்ளச் சொல்லுங்கள். இடமே வேண்டாம், ஆனால் கை கால் எல்லாம் களைத்துவிடும். துள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளையை அடக்க இது நல்ல வழி.

பழைய காலுறைகளைச் சுருட்டினால் பந்து. வாளியைத் தள்ளிவைத்து எறியச் சொல்லுங்கள். விழுந்தால் ஒரு அடி பின்னால் போக வேண்டும். பலூனைத் தரையில் விழாமல் தட்டுவதும் நன்றாகப் போகும். ஆனால் பலூன் வெடித்த துண்டு தொண்டையை அடைத்துக்கொள்ளும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் பலூன் இருந்தால் பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். கண்ணாமூச்சி ஆடினால் ஒளியக்கூடாத இடங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பெட்டிகள், வெளியிலிருந்து தாழ் விழக்கூடிய எதுவும்.

குதிச்சா கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடறாங்க. சத்தமில்லாம வியர்க்க வைக்க முடியுமா?

முடியும். கையும் காலும் ஊன்றி, முட்டி தரையில் படாமல் கரடிபோல் நடப்பது. மல்லாந்து கையூன்றி நண்டுபோல் நகர்வது. ஒருவர் காலைப் பிடிக்க மற்றவர் கையால் நடப்பது. மூன்றும் குதிப்பதைவிடக் கடினம், சத்தமோ அதில் கால்வாசிகூட இருக்காது.

எனக்குப் பிடித்தது மெதுவோட்டம். கடைசியாக வந்து சேர்பவருக்குத்தான் வெற்றி, ஆனால் ஒரு நொடிகூட அசையாமல் நின்றுவிடக் கூடாது. ஒற்றைக் காலைத் தூக்கி அந்தரத்தில் இழுத்து இழுத்து வைப்பதற்குள் தொடை நடுங்கும். பிள்ளைகளே சத்தம் போடாமல் ஆடுவது இது ஒன்றைத்தான்.

எதைக் குடுத்தாலும் பத்து நிமிஷம்தான். வேற வேணுங்கிறான். நாலு வயசு. ஏதாவது பிரச்சினையா இருக்குமோ?

நாலு வயதுக்குப் பத்து நிமிடம் சாதாரணம். கவலைப்பட வேண்டியது அதைப் பார்த்து அல்ல. பொருளை மாற்றுவதற்கு முன், கையில் இருப்பதிலேயே ஒரு முடிச்சைக் கூட்டிப் பாருங்கள். கட்டைகளை அடுக்கிச் சலித்துவிட்டானா? ‘இந்தக் கார் உள்ளே போய் வருகிற மாதிரி கட்ட முடியுமா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதே கட்டை இன்னொரு கால் மணி நேரம் தாங்கும். முதல் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நீளும்.

வீடு பூரா பொம்மை. ஆனா ‘போர் அடிக்குது’ங்கிறா. இன்னும் வாங்கணுமா?

குறைக்க வேண்டும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நடை பழகிய சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒரே பொம்மையை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். கண்முன் பதினாறு கிடந்தால் கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் செய்யும்.

முக்கால்வாசியைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். மழை பிடித்த நாளில் ஒரு பெட்டியை இறக்குங்கள். பிள்ளைக்கு அது புதுப் பொம்மைதான். இறக்கும்போதே வெளியில் இருப்பவற்றை ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

அவ ‘போர்’னு சொன்ன உடனே ஏதாவது குடுத்தாகணுமா?

வேண்டாம். ‘சரி, யோசி’ என்று விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் சிணுங்கல் இருக்கும். அதைத் தாண்டியபிறகு அவளாகக் கண்டுபிடிக்கும் ஆட்டம் நாம் கொடுப்பதைவிட நீண்ட நேரம் ஓடும். பசியிலோ தூக்கத்திலோ சிணுங்கினால் அது வேறு விஷயம்.

சின்னவனுக்கு ரெண்டு, பெரியவளுக்கு ஏழு. அவ கட்டுறா, இவன் இடிக்கிறான். எப்படிச் சேர்ந்து விளையாட வைக்கிறது?

இரண்டு வயதுக்காரனிடம் சேர்ந்து விளையாடு என்று கேட்பது கொஞ்சம் அதிகம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: இந்த வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவார்கள்; கூடிப் பேசித் திட்டம் போட்டு ஆடுவது பின்னால்தான் வரும். எனவே பெரியவளுக்கு மேசைமேல் இடம், சின்னவனுக்குத் தரையில் இடம் என்று மட்டத்தைப் பிரித்துவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே போய்விடும்.

இடிப்பதையே ஆட்டமாக்குவதும் உண்டு. அவள் கட்ட வேண்டும், ‘இப்ப!’ என்று அவள் சொன்ன பிறகுதான் அவன் தள்ள வேண்டும். காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அவன் முகத்தைப் பாருங்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். பெரியவளின் மணி, பொத்தான், சின்னக் கட்டைகள் மட்டும் அவன் கைக்கு எட்டவே கூடாது. கழிவறைக் காகிதச் சுருளின் உள் அட்டைக்குழாயில் நுழைந்து போகும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது. பொத்தான் பேட்டரியும் குட்டிக் காந்தங்களும் எந்த வயதிலும் விளையாட்டுச் சாமான் இல்லை. விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

மாவு, தண்ணி, பெயிண்ட் எல்லாம் நல்லதுங்கிறாங்க. வீட்டை யார் கழுவுறது?

அவர்களே. கழுவுவதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று தொடங்குமுன் சொல்லிவிட்டால் எதிர்ப்பு வராது. ஒரு பழைய போர்வையை விரித்து, அதைத் தாண்டிப் பொருள் வரக் கூடாது என்று எல்லை வையுங்கள். பெயிண்ட்டுக்குக் குளியலறைச் சுவர் நல்ல இடம், முடிந்ததும் அங்கேயே தண்ணீர் ஊற்றிவிடலாம். அதற்கும் மனமில்லையென்றால் தூரிகையும் ஒரு கிண்ணம் வெறும் தண்ணீரும் கொடுத்துச் சிமெண்ட் தரையில் வரையச் சொல்லுங்கள். வரைந்தது காய்ந்து மறைந்துகொண்டே வரும், மறையுமுன் முடிக்க வேண்டும் என்று பந்தயம் கட்டிக்கொள்வார்கள்.

பிசைய மாவு வேண்டுமென்றால்: இரண்டு கோப்பை மைதா அல்லது கோதுமை மாவு, ஒரு கோப்பை உப்பு, ஏறக்குறைய ஒரு கோப்பை தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையில் ஒட்டாத பதத்தில் நிறுத்துங்கள். உப்பு மிக அதிகம் என்பதால் பிள்ளையோ வளர்ப்பு நாயோ தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட வேடிக்கையானது சோள மாவு, கடையில் ‘கார்ன் ஃப்ளார்’ என்று கிடைக்கும் வெள்ளை மாவு. இரண்டு பங்கு சோள மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், விரலை மெதுவாக விட்டால் பால்போல் இறங்கும், ஓங்கிக் குத்தினால் கட்டியாக நிற்கும். அழுத்தம் வரும்போது மாவுத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வரும் கூத்து இது. முடிந்ததும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் விளையாட்டு எதுவானாலும் பெரியவர் கண் அங்கேயே இருக்க வேண்டும். சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தை மூழ்கப் போதும்.

வீட்ல ஒண்ணும் இல்ல. பழைய தாள் கட்டு மட்டும்தான் இருக்கு.

அப்படியென்றால் உங்களிடம் எல்லாமே இருக்கிறது. மழை நாளுக்குத் தாளைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு சவால்: ஒரு தாளை எத்தனை முறை சரிபாதியாக மடிக்க முடியும்? பிள்ளைகள் இருபது, ஐம்பது என்பார்கள். ஆறு வரை வரும், ஏழில் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பதால் ஏழாவதில் 128 தாள் தடிமன் ஆகிவிடுகிறது. 2002-இல் பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கழிவறைக் காகிதத்தை 12 முறை மடித்துக் காட்டினார். அப்போது 4096 அடுக்கு. இந்தக் கணக்கைப் பெரிய பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாலம். இரண்டு புத்தக அடுக்குகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து மேலே ஒரு தாளைப் போடுங்கள். ஒரு நாணயம் வைத்தாலே தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி மடிப்பாக, விரலகலத்துக்கு ஒரு மடிப்பு என்று மடித்து வையுங்கள். நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்க வைக்க, எப்போது விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி, நாலு குழாய்களை நிற்கவைத்து மேலே ஒரு அட்டை, அட்டைமேல் புத்தகங்கள். எத்தனை தாங்கும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எழுதிவைப்பதில்தான் சுவை. காகித விமானமும் இப்படித்தான்: மூக்கில் ஒரு காகிதக் கவ்வியை மாட்டி ஒருமுறை, மாட்டாமல் ஒருமுறை விட்டுப் பார்த்து எது தூரம் போனது என்று தரையில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் சமைச்சுக்கிட்டே, துணி மடிச்சுக்கிட்டே ஆடற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

வாய் விளையாட்டுதான். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் இதை அப்படியே ஆடினால் மூன்றாவது சொல்லிலேயே முட்டி நிற்கும், ஏனென்றால் பாதிச் சொற்கள் புள்ளி எழுத்தில் முடியும். எங்கள் வகுப்பில் வைத்திருக்கும் விதி: புள்ளி எழுத்தோ உயிர்மெய்யோ, அந்த வரிசையில் எந்த எழுத்திலும் தொடங்கலாம். ‘மரம்’ என்றால் ‘மீசை’. ‘மீசை’ என்றால் ‘சங்கு’. சங்குக்குக் ‘குதிரை’. ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் சொல் தொடங்காது. அதில் முடிந்தால் ஓர் எழுத்து பின்னால் போக வேண்டும். ‘வாழை’க்கு ‘வாத்து’. விதியைச் சொல்லாமல் சில சுற்று விட்டுப் பாருங்கள். ‘ழ-வில ஒண்ணுமே வரல’ என்று யாராவது கத்துவார்கள்.

விடுகதை சொல்வதைவிட உருவாக்கச் சொல்வது நல்லது. வீட்டில் கண்ணில் படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் எது இருக்கிறது, எது செய்யாது என்று இரண்டிரண்டாகச் சொன்னால் விடுகதை தயார். ‘நாலு கால் இருக்கு, நடக்காது, முதுகு இருக்கு, படுக்காது’: நாற்காலி. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்று சொல்லிக் காட்டினால் போதும், நாள் முழுக்க உங்களை விடாது. இதற்குத் தயாராக இருங்கள். தட்டில் பத்துப் பொருள் வைத்து மூடி, ஒன்றை எடுத்துவிட்டு எது காணோம் என்று கேட்பதும் அடுப்படியிலிருந்தே நடத்தலாம்.

போன், டிவி எவ்வளவு நேரம் குடுக்கலாம்? மழை நாள்ல கூடவா கட்டுப்பாடு?

முதல் பதிலில் சொன்ன அதே வழிகாட்டுதல்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்கவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. ஒரு நாள் கொஞ்சம் கூடிப்போனால் குடி முழுகிவிடாது.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதைப் பாருங்கள். காலையில் கொடுத்தால் அதன்பின் எந்த ஆட்டமும் எடுபடாது. ஆடி, கைவேலை முடித்து, எல்லோரும் சோர்ந்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பது மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்குப் புரியாது. ‘இந்தக் கதை முடிஞ்சதும்’ என்றால் புரியும், அணைக்கும்போது அழுகையும் குறையும்.

கரண்டும் போயிடுச்சு. இப்ப?

இருட்டுக்கென்றே ஓர் ஆட்டம் இருக்கிறது: நிழல். மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் விளக்கே சரி. கையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், ஓரம் மங்கும். சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிறிதாகும், ஓரம் கூர்மையாகும். இதை மட்டும் காட்டிவிட்டு நாய், பறவை, முயல் எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். குட்டி டார்ச்சுகளில் பொத்தான் பேட்டரி இருக்கும், திருகாணி போட்டு மூடியதா என்று பார்த்துக் கொடுங்கள்.

இடி இடிச்சா ஓடி வந்து கட்டிக்கிட்டு அழறான். ‘ஒண்ணுமில்லடா’ன்னு சொன்னாலும் கேக்கல.

அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றால் எப்படி நம்புவான்? எண்ணக் கற்றுக்கொடுங்கள். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நொடிக்கு ஒன்றாக எண்ண வேண்டும், இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பது வந்தால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தள்ளி. எண் கூடிக்கொண்டே போனால் இடி விலகிப் போகிறது என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான். எண்ணும் வேலை கிடைத்ததும் பயம் பாதி இறங்கிவிடும். மடியில் உட்காரவைத்துக்கொண்டு எண்ணுங்கள், தனியாக வேண்டாம்.

எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான். இடி காதில் விழும் தூரம் என்றாலே மின்னல் விழக்கூடிய தூரம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே போகக் கூடாது. அந்த நேரத்தில் குளிப்பது, கம்பியுள்ள தொலைபேசியில் பேசுவது, சுவரில் செருகிய கருவிகளைக் கையில் பிடிப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.

வீட்ல இருந்தே வேலை. மீட்டிங் நேரத்துக்குச் சரியா கதவைத் தட்டுறாங்க.

கூட்டத்துக்கு முந்தைய கால் மணி நேரத்தை முழுதாக அவர்களுக்குக் கொடுங்கள், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு. இரண்டாவது பதிலில் உள்ள வியர்க்கும் ஆட்டம் ஏதாவது ஒன்று போதும். பிறகு, கூட்ட நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர், புதிர் அட்டை, மடிப்புத் தாள் என்று மற்ற நேரத்தில் கண்ணில் படாத பொருட்களாக இருக்கட்டும். அன்றைக்கான திரை நேரத்தையும் இங்கேயே செலவழியுங்கள். கதவில் சிவப்புத் தாள் இருந்தால் தட்டக் கூடாது, பச்சை என்றால் வரலாம். நேரத்துக்குப் பச்சையாக மாற்ற மறந்தால் அடுத்த தடவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த உத்திகள் எதுவும் செல்லாது. இன்னொரு பெரியவர் வேண்டும், அல்லது கூட்டம் அது தூங்கும் நேரத்துக்கு மாற வேண்டும்.

பொண்ணுக்குப் பன்னண்டு வயசு. எதைச் சொன்னாலும் ‘இது சின்னப்பிள்ளை விளையாட்டு’ங்கிறா.

அவளை ஆடக் கூப்பிடாதீர்கள், நடத்தக் கூப்பிடுங்கள். தம்பி தங்கைகளுக்குப் புதையல் வேட்டை தயாரிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவனுக்குப் படக் குறிப்பு, தெரிந்தவனுக்கு விடுகதைக் குறிப்பு என்று அவளே பிரித்துக்கொள்வாள்.

தனியாகச் செய்ய ஒன்று வேண்டுமென்றால் கைபேசியில் அசைபடம். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் பத்து நொடிக் கதைக்கு 120 படம். கைபேசி அசையாமல் இருக்கப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவைக்கச் சொல்லுங்கள். பாதி நாள் சத்தமே வராது.

எந்த விளையாட்டா இருந்தாலும் தோத்தா பலகையைக் கவுத்துடறான். விட்டுக்குடுத்து ஜெயிக்க விடலாமா?

எப்போதாவது விடலாம். எப்போதும் விட்டால் அவனுக்கே தெரிந்துவிடும், வெளிப் பிள்ளைகளோடு ஆடும்போது இன்னும் கஷ்டம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளில் தோல்வி இரண்டு மடங்கு உறைக்கும் என்பதால், அன்றைக்கு மட்டும் எல்லோரும் ஒரே கட்சியாக இருக்கும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். காலுறைப் பந்தை முப்பது தடவை கீழே விழாமல் கைமாற்றுவது, மூன்று நிமிடத்துக்குள் சீட்டுக்கட்டில் கோபுரம் கட்டுவது. எதிரி கடிகாரம்தான்.

‘மழை வாசனை எங்கிருந்து வருது, துளி ஏன் இப்படி இருக்கு’ன்னு கேள்வியா கேக்கறான். எனக்கே தெரியாது.

இந்தக் கேள்விகளே ஒரு மணி நேரம் தாங்கும். மண்வாசனையைப் பற்றி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் 1964-இல் எழுதினார்கள். வறண்ட நாட்களில் செடிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் பாறையிலும் தங்குகின்றன. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. துளி விழும்போது அடியில் சிக்கிய காற்று குமிழாகி மேலே வெடித்து இவற்றையெல்லாம் காற்றில் தூவுகிறது.

துளிக்கு, முதலில் அவனை மழைத்துளி வரையச் சொல்லுங்கள். மேலே கூராகக் கண்ணீர் வடிவில் வரைவான், எல்லோரும் அப்படித்தான். விழும் துளி அப்படி இருப்பதே இல்லை. சிறியது உருண்டை, பெரியது காற்று கீழிருந்து தள்ளுவதால் அடி தட்டையாகி ரொட்டிபோல் இருக்கும். பிறகு ஜன்னல் கண்ணாடியில் ஆளுக்கொரு துளியைத் தேர்ந்தெடுத்து எது முதலில் கீழே இறங்கும் என்று பந்தயம் கட்டுங்கள். வழியில் இன்னொரு துளியோடு சேர்ந்தது வேகமெடுக்கும்.

வெளிய விட்டா சளி பிடிக்குமே? கொஞ்ச நேரம்கூட விடக் கூடாதா?

சளியைக் கொண்டுவருவது வைரஸ். மழைத் தண்ணீர் அல்ல. மழைக்காலத்தில் சளி பரவுவதற்கு எல்லோரும் மூடிய அறைக்குள் நெருங்கி இருப்பதும் ஒரு காரணம், அதனால் சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ இல்லாத பிள்ளையை இலேசான மழையில் கால் மணி நேரம் விடலாம். இடி விதி மேலே இருக்கிறது. ஓடும் தண்ணீர், திறந்த சாக்கடை, அறுந்து கிடக்கும் கம்பி இருக்கும் பக்கம் போகவே கூடாது. வந்ததும் துவட்டி, உலர்ந்த உடை. உள்ளே செய்யும் எந்த ஆட்டமும் இந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளாத பாட்டிகள் நிறைய உண்டு.

மூணு நாளா விடாம பெய்யுது. நீங்க சொன்னது எல்லாம் தீந்துபோச்சு. இனி?

தீர்ந்தவற்றையே ஒரு விதி மாற்றித் திரும்ப ஆடுங்கள். இடது கையால் மட்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு, பேசாமல். பெரியவர்களுக்குத்தான் திரும்பச் செய்வது சலிப்பு, பிள்ளைகளுக்கு இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து, ஒரே நாளில் முடியாத வேலை ஒன்று கைவசம் இருக்கட்டும். மழைமானி நல்லது: நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டை மாடியில் இன்றைக்கு எத்தனை வாளி விழுந்தது என்று அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி கணக்குப் போடட்டும். தினம் ஓர் அத்தியாயம் என்று வாசித்துக்காட்டும் நீண்ட கதையும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும்.

நாற்காலிகளுக்கு மேல் போர்வை போட்ட கூடாரம் இன்னும் போடவில்லையென்றால் இப்போது போடுங்கள். கதை, நிழல், வாய் விளையாட்டு எல்லாவற்றையும் அதற்குள் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். மழை விட்டதும் அதைக் கலைக்க விட மாட்டார்கள், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அவசரமாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக உருவுங்கள்.